இப்போது கையில் இருக்கும் புத்தகம்

மேலோட்டமாகப் பார்த்தால் உங்கள் கேள்வி, "எல்லோரும் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள், எது பிடித்திருக்கிறது, சொல்லுங்களேன்" என்பதுதான். ஆனால் அதற்குக் கீழே சேர்த்திருக்கும் நாலு வரியில்தான் விஷயம் இருக்கிறது. கல்லூரி முடிகிறவரை நிறையப் படித்திருக்கிறீர்கள், அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று பத்து வருஷம் ஓடிவிட்டது, போன ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போய் ஆசையாகப் பதினோரு புத்தகம் வாங்கி வந்தீர்கள், ஒன்றிலும் நாற்பது பக்கம் தாண்டவில்லை. வாழ்நாளில் படித்தே ஆகவேண்டிய நூறு என்கிற மாதிரிப் பட்டியல் வேண்டாம், உண்மையிலேயே உங்கள் கையில் இருப்பதைச் சொல்லுங்கள் என்கிறீர்கள். பாதியில் விட்டால் தப்பா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எது நல்ல புத்தகம் என்று கேட்பது ஒரு கேள்வி. இந்த வாரம் எந்தப் புத்தகம் ஒரு மனுஷரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்பது வேறொரு கேள்வி. நீங்கள் கேட்டிருப்பது இரண்டாவது என்றே எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டெல்டா பக்கம் பொது நூலகத் துறையில் 26 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஊர்ப்புற நூலகத்தில் ஆரம்பித்துக் கிளை நூலகம், அப்புறம் கடைசி ஒன்பது வருஷம் மாவட்ட மைய நூலகத்தில் இரவல் பிரிவு. புத்தகத்தை எடுத்துப்போகிற கையையும் திருப்பிக் கொண்டுவருகிற கையையும் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் இலக்கியத் தரம் பற்றி நான் சொல்வதை ஒரு வாசகனின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள், எது படிக்கப்படுகிறது, எப்படிப் படிக்கப்படுகிறது என்பது பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் கூடுதலாகவே நம்பலாம்.

இரவல் மேசையில் உட்கார்ந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். அடுக்குகளில் பல ஆயிரம் புத்தகங்களை எண் போட்டு, பொருள்வாரியாகப் பிரித்து, வரிசை குலையாமல் வைத்திருப்போம். உள்ளே வருகிற வாசகர் அங்கே போக மாட்டார். அன்று காலை திரும்பி வந்து, இன்னும் அடுக்குக்குப் போகாமல் மேசை ஓரத்தில் கிடக்கும் குவியல் இருக்கிறதே, அதைத்தான் முதலில் கிளறுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது எரிச்சலாக இருந்தது, ஏனென்றால் அந்தக் குவியலை ஒழுங்குபடுத்துவது என் வேலை, நான் அடுக்க அடுக்க இவர்கள் கலைப்பார்கள். ஒரு வருஷம் போன பிறகுதான் புரிந்தது. அதே புத்தகம் நேற்றுவரை அடுக்கில் மூன்று மாதம் தூங்கியிருக்கும், யாரும் தொட்டிருக்க மாட்டார்கள், ஒருவர் எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்து அந்தக் குவியலில் கிடந்தால் அரை மணி நேரத்தில் அடுத்தவர் கைக்குப் போய்விடும். யாரோ ஒருவர் இப்போதுதான் படித்து முடித்தார் என்கிற அந்தச் சூடுதான் காரணம். அதற்கப்புறம் திரும்பி வருவதை உடனே அடுக்குக்கு அனுப்பாமல், மத்தியானம் வரை மேசையிலேயே விட்டுவைக்க ஆரம்பித்தேன். நல்ல புத்தகம் என்று எனக்குத் தோன்றி யாரும் தொடாமல் கிடப்பவை சிலவற்றையும் எடுத்து அந்தக் குவியலுக்குள் செருகி வைப்பேன். பெரும்பாலும் போய்விடும்.

பயிற்சியில் எங்களுக்கு முதல் பாடமே ரங்கநாதனின் ஐந்து விதிகள். சீர்காழிக்காரர், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர், 1931-இல் அந்த விதிகளைப் புத்தகமாக எழுதினார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் உண்டு என்பது. அதை வைத்துக்கொண்டுதான் அவர் பூட்டிய அலமாரிகளைத் திறக்கச் சொன்னார், வாசகர் தானே அடுக்கின் நடுவே நடந்து, தொட்டு, எடுத்துப் புரட்டிப் பார்க்கட்டும் என்றார். தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது அது எனக்கு வெறும் வாசகம். திரும்பி வந்த குவியலைப் பார்த்துப் பார்த்துத்தான் அது புத்தியில் ஏறியது. புத்தகத்துக்கும் அதன் வாசகருக்கும் நடுவில் பல நேரம் இன்னொரு வாசகர் நிற்க வேண்டியிருக்கிறது. நீங்கள் இங்கே வந்து கேட்பதும் அந்த இன்னொருவரைத் தேடித்தான்.

கிளை நூலகத்தில் இருந்தபோது தையற்கடையில் வேலை செய்த ஒரு அம்மா வருவார். சனிக்கிழமை சாயங்காலம், கழுத்தில் அளவு நாடா தொங்க அப்படியே வந்துவிடுவார். குவியலில் ஒரு புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையைப் படிக்கவே மாட்டார். "இதைக் கொண்டாந்து குடுத்தவங்க முகம் எப்படி சார் இருந்துச்சு?" என்று கேட்பார். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. அப்புறம் பழகிவிட்டது. "சோர்ந்துபோயிருந்தார்" என்றால் வைத்துவிடுவார், "மேசையில வைக்க மனசே வரல, இன்னும் ரெண்டு நாள் குடுங்கன்னு கேட்டார்" என்றால் எடுத்துக்கொள்வார். அவர் அப்படித் தேர்ந்தெடுத்துப் படிக்காமல் திருப்பிக் கொடுத்தது மிகக் குறைவு. நாலு மதிப்புரையில் கிடைக்காத தகவல் அந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் பதிலில் இருந்தது என்று இப்போதும் நினைக்கிறேன். இங்கே பதில் சொல்கிறவர்களிடமும் நீங்கள் அதையே கேளுங்கள். பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவரிடம், எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறீர்கள், எந்த இடத்தில் கீழே வைக்க முடியாமல் போனது என்று கேட்டுப் பாருங்கள். உடனே ஒரு காட்சியைச் சொல்ல ஆரம்பித்தால் அவர் உண்மையிலேயே அதற்குள் இருக்கிறார்.

இதில் எது உறுதி, எது என் ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நூலகப் புத்தகத்தில் தேதிச் சீட்டு ஒட்டியிருக்கும், திருப்பித் தர வேண்டிய தேதியை அதில் முத்திரை குத்துவோம். சீட்டு நிறைந்து மேலே இன்னொன்று ஒட்டியிருந்தால் அந்தப் புத்தகம் நிறையப் போய் வந்திருக்கிறது என்பது உறுதி. படிக்கப்பட்டதா என்று சீட்டு சொல்லாது. அதைச் சொல்வது பக்கங்களின் விளிம்பு. புத்தகத்தை மூடி, முதுகுக்கு எதிர்ப்பக்கம் உள்ள தாள் விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். விரல் பட்ட அழுக்கு ஒரு பட்டையாகத் தெரியும். பல பேர் எடுத்துப்போன ஒரு தடித்த நாவலில் அந்தப் பட்டை அறுபதாம் பக்கம் வாக்கில் சட்டென்று நின்று, மீதி நானூறு பக்கமும் அச்சகத்திலிருந்து வந்த மாதிரி வெள்ளையாக இருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பில் ஒவ்வொரு புத்தகமும் கையில் வரும், அப்போது பார்ப்பேன். பரிசு வாங்கிய புத்தகங்களிலும் இது உண்டு, எல்லோரும் போற்றுகிற பெயர்களிலும் உண்டு. ஆகவே நாற்பது பக்கத்தில் நின்றுபோனது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது இல்லை. இது உறுதி. ஏன் அங்கே நிற்கிறார்கள் என்பதுதான் ஊகம். புத்தகம் கடினம் என்பதால் என்று எனக்குத் தோன்றவில்லை. திருப்பிக் கொடுக்க வந்தவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், நடுவில் நாலு நாள் விட்டுப்போயிருக்கும், ஒரு கல்யாணம், ஒரு காய்ச்சல், திரும்ப எடுக்கும்போது யார் யாருக்கு என்ன உறவு என்பது மறந்திருக்கும், முதலிலிருந்து தொடங்கச் சோம்பலாக இருக்கும். விட்ட இடைவெளிதான் பலருக்கும் தடையாக இருந்திருக்கிறது. ஆனால் இது என்னிடம் வாய்விட்டுச் சொன்னவர்களை வைத்துச் சொல்வது, சொல்லாமல் போனவர்களுக்கு வேறு காரணம் இருந்திருக்கலாம்.

இதை வைத்துப் பார்த்தால், பத்து வருஷம் விட்டவர் தொடங்குவதற்கு இடைவெளி விட்டாலும் கெடாத புத்தகம் வேண்டும். என் மேசையில் இப்போது மூன்று இருக்கின்றன. தற்செயலாகவோ என்னவோ மூன்றுமே அந்த வகைதான்.

முதலாவது குமாயுன் புலிகள். ஜிம் கார்பெட் 1944-இல் ஆங்கிலத்தில் எழுதியது, தமிழில் தி.ஜ.ர. மொழிபெயர்த்திருக்கிறார். என் பேரனுக்குப் பதினொரு வயது, அவனுக்கு இரவில் படித்துச் சொல்வதற்காக எடுத்தேன், இப்போது அவன் தூங்கின பிறகும் நான் மட்டும் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு புலியும் தனிக் கதை, ஒன்றை முடித்துவிட்டு ஒரு மாதம் கழித்து அடுத்ததை எடுத்தாலும் ஒன்றும் குறையாது. 1907-இல் சுட்ட சம்பாவத் பெண்புலி நேபாளத்திலும் குமாயுனிலும் சேர்த்து 436 பேரைக் கொன்றது என்று கணக்குச் சொல்கிறார். அந்த எண்ணிக்கை பதறவைக்கிறது. எனக்கு அதைவிட ஆழமாகப் பதிந்தது பிறகு வரும் ஒரு சின்ன விவரம். செத்துக்கிடக்கும் புலியின் வாயைப் பார்க்கிறார், வலது பக்கம் மேலும் கீழும் கோரைப்பற்கள் உடைந்திருக்கின்றன, எப்போதோ யாரோ சுட்ட குண்டு. அதனால்தான் அது தன் வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல் மனிதரிடம் வந்தது என்கிறார். பேரன் அந்த இடத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டான். "அப்ப முதல்ல சுட்டவங்கதான் தாத்தா தப்பு" என்றான். நூலகத்தில் இருந்த பிரதியின் விளிம்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே சீராக அழுக்கேறியிருந்தது. ஒரு பேருந்து நடத்துநர் அதை நாலைந்து முறை எடுத்துப்போனார், இரவு நிறுத்தத்தில் வண்டியிலேயே படுத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் படிப்பாராம், புலி வருகிற இடத்தில் ஜன்னலைச் சாத்திவிடுவேன் என்றார். வேட்டைக் கதை உங்களுக்கு ஆகாது என்றால் சொல்லுங்கள், ஆனால் அதற்கு முன் ஒரே ஒரு கதையாவது படித்துவிட்டுச் சொல்லுங்கள். துப்பாக்கியைவிட, சருகில் நடக்கும் ஓசையும் குரங்கு கத்துகிற விதமும் மண்ணில் பதிந்த தடமும்தான் அதில் அதிகம்.

இரண்டாவது உ.வே.சாமிநாதையரின் என் சரித்திரம். இது எனக்கு மூன்றாவது முறை. ஆனந்த விகடனில் 1940 தொடக்கத்திலிருந்து வாரம் ஓர் அத்தியாயமாக வந்தது, 1942 ஏப்ரலில் அவர் காலமானார், 122 அத்தியாயத்தோடு நின்றுபோயிற்று, புத்தகமாக 1950-இல் வெளிவந்தது. தடிமனைப் பார்த்துப் பயப்படாதீர்கள். தொடராக எழுதியது என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிடுகிற அளவுதான், நடை பெரியவர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து பழங்கதை சொல்வது மாதிரி. முதல் முறை படித்தபோது மாயூரத்துக்கு, அதாவது இன்றைய மயிலாடுதுறைக்கு, போய் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கும் பகுதியில்தான் லயித்தேன், ஆசிரியர் ஒரு தலபுராணத்துக்கான பாடல்களை வாயாலேயே மளமளவென்று சொல்ல மாணவர் ஏட்டில் எழுதிக்கொண்டு ஓடும் அந்த இடங்கள். இந்த முறை என்னைப் பிடித்துக்கொண்டது வேறு இடம், அது நேராக உங்கள் கேள்வியைத் தொடுகிறது.

1880-ஆம் வருஷம். உ.வே.சா.வுக்கு 25 வயது, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்து அந்த வருஷம்தான் சேர்ந்திருக்கிறார். அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்த முன்சீப் சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். முதலியார் கேட்பது, சுருக்கிச் சொன்னால், என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்பதுதான். இவர் உற்சாகமாக அடுக்குகிறார், அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள். முதலியார் முகத்தில் வியப்பே வரவில்லை. இவையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்கிற மாதிரிக் கேட்டுவிட்டு, இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்கள் படித்ததுண்டா, சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்கிறார். பெரிய வித்துவானிடம் வருஷக்கணக்கில் பாடம் கேட்டவர், இவற்றைப் படித்ததில்லை, பிரதியே கிடைக்கவில்லை. அப்புறம் முதலியார் ஒரு சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்துப் பாடம் சொல்லச் சொல்கிறார். அங்கேயிருந்து ஆரம்பித்ததுதான் எல்லாம். சீவக சிந்தாமணி அச்சில் வந்தது 1887-இல், பத்துப்பாட்டு 1889-இல், சிலப்பதிகாரம் 1892-இல், புறநானூறு 1894-இல், மணிமேகலை 1898-இல்.

இந்தக் கதை பலருக்கும் தெரியும், பள்ளிப் பாடத்திலும் வந்திருக்கிறது. நான் நின்றுபோனது அதற்குக் கொஞ்சம் பின்னால். சிந்தாமணி சமண நூல், அதில் வருகிற சமயச் செய்திகள் இவருக்குப் பிடிபடவில்லை, யாரிடமாவது கேட்க வேண்டும். கும்பகோணத்திலேயே சமணர் வீடுகள் இருப்பது தெரிந்து விசாரித்துக்கொண்டு போகிறார். போன வீட்டில் அன்றைக்கு ஏதோ விசேஷம், அலங்காரம் எல்லாம் செய்திருக்கிறார்கள். என்ன என்று கேட்டால், வீட்டில் தொடர்ந்து படித்து வந்த சிந்தாமணி அன்றைக்குத்தான் பூர்த்தியாயிற்றாம். யோசித்துப் பாருங்கள். நாட்டில் யாரிடம் போய்ச் சந்தேகம் கேட்பது என்று இவர் தவித்துக்கொண்டிருக்கிறார், அதே ஊரில் சில தெரு தள்ளி ஒரு குடும்பம் அந்தப் புத்தகத்தைச் சத்தமாகப் படித்து முடித்துக் கோலம் போட்டுக் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. யாரும் கேட்காததால் யாரும் சொல்லவில்லை. நான் அந்தப் பக்கத்தில் தாளை மடிக்காமல் ஒரு பேருந்துச் சீட்டை வைத்துவிட்டு, வெகுநேரம் மேற்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருந்தேன். 26 வருஷத்தில் எத்தனை பேரிடம் "இப்போ வீட்டில் என்ன படிக்கிறீங்க?" என்று கேட்காமல் முத்திரை மட்டும் குத்தி அனுப்பியிருப்பேன் என்று தோன்றியது.

மூன்றாவது ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. இது எல்லோருக்கும் ஆகும் என்று சொல்ல மாட்டேன், உங்களுக்கும் முதலில் இதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் என்ன படிக்கிறாய் என்று கேட்டபிறகு மறைக்கக் கூடாது, நான் தினமும் காத்திருந்து படிப்பது இதைத்தான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தவர், 1736-இல் தொடங்கி 1761-இல் சாகிறவரை, நடுநடுவே விட்டுப்போனாலும், எழுதிவந்த தினசரி. அவர் இறந்த சில நாளில் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. எழுத்து பேச்சுத் தமிழ், அதில் பிரெஞ்சுச் சொற்களும் போர்ச்சுகீசியச் சொற்களும் தமிழ் நாக்குக்கு ஏற்றபடி திரிந்து கலந்திருக்கும், வாக்கியம் எங்கே முடிகிறது என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் பத்து நாள் சிரமமாக இருந்தது, வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்ததும் சரியாகிவிட்டது. கண்ணுக்குக் குழப்பமாகத் தெரிவது காதுக்குத் தெளிவாகிவிடுகிறது, பழைய உரைநடை பலவற்றுக்கும் இந்த வழி பலித்திருக்கிறது எனக்கு. இப்போது விபவ வருஷத்தில் இருக்கிறேன், அதாவது 1748, ஆவணியும் புரட்டாசியும், ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருக்கிறார்கள். வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கிற நாட்கள் இவை. வரலாற்றுப் புத்தகத்தில் இது ஒரு வரி. இதில் அது ஒரு முழு நாள், யார் யார் ஓடி வந்தார்கள், யாரிடம் போய் முறையிட்டார்கள், அதிகாரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற இந்த மனிதரால் என்ன முடிந்தது, என்ன முடியவில்லை என்று மணிக்கணக்காக நகர்கிறது. நாளுக்கு ஒரு பதிவுக்கு மேல் நான் படிப்பதில்லை. அவர் எழுதின வேகத்திலேயே படிப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, நாளைக்கு என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியாது என்கிற எண்ணத்தோடு புத்தகத்தை மூடலாம்.

புதிய நாவல்கள், இப்போது எழுதுகிற இளைஞர்களின் சிறுகதைகள் பற்றி என்னைவிட இங்கே மற்றவர்கள் நன்றாகச் சொல்வார்கள். ஓய்வுக்குப் பிறகு நான் படித்தவை பெரும்பாலும் தன்வரலாறு, நாட்குறிப்பு, பயணம். அதே மாதிரி, கைபேசியிலும் ஒலிப்புத்தகமாகவும் படிக்கிறவர்களை நான் மேசைக்கு எதிரில் பார்த்ததில்லை, அதனால் மேலே சொன்ன விளிம்புக் கணக்கெல்லாம் அவர்களுக்குப் பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். வாசிப்பு குறைந்துவிட்டது என்று கூட்டங்களில் சொல்கிறார்களே, அதையும் நான் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வதில்லை. என் மேசைக்கு வந்தவர் தொகை சில வருஷம் ஏறியது, சில வருஷம் இறங்கியது, போட்டித் தேர்வு அறிவிப்பு வந்தால் நூலகமே நிரம்பி வழியும். மேசைக்கு வராதவர் என்ன படித்தார் என்பது என் பதிவேட்டில் இல்லை.

சரி, பாதியில் விட்டால் தப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். தப்பே இல்லை. ஆனால் விடுவதை முறையாக விடுங்கள். பாதியில் நின்ற பதினொன்றும் கண்ணெதிரே அலமாரியில் நின்றுகொண்டிருந்தால் ஒவ்வொன்றும் ஒரு கடன் மாதிரி உங்களைப் பார்க்கும், பன்னிரண்டாவதை எடுக்க விடாது. ஒன்றை மட்டும் வெளியே வையுங்கள், மற்ற பத்தையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். எந்த ஒன்று என்று கேட்டால், பதினொன்றையும் தரையில் பரப்பி, எதில் விட்ட இடம் இப்போதும் நினைவிருக்கிறதோ அதை எடுங்கள். அப்புறம் நேரம். குழந்தை சின்னது என்கிறீர்கள், இரவு பத்து மணிக்கு மேல் படிக்கலாம் என்று திட்டம் போட்டிருப்பீர்கள், அந்த நேரத்தில் உடம்பில் ஒன்றும் மிச்சம் இருக்காது. என்னிடம் வந்த இளம் தாய்மார்களில், தகப்பன்மார்களிலும்தான், தொடர்ந்து படித்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே காலையிலோ, பேருந்திலோ, குழந்தையை டியூஷனில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அந்த முக்கால் மணியிலோ படித்தவர்கள். பையில் புத்தகம் இருக்க வேண்டும், அது முக்கியம். கனமான புத்தகம் வீட்டுக்கு, மெலிந்தது பைக்கு. உங்கள் பதினொன்றில் ஐந்து பாகச் சரித்திர நாவல் ஒன்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், வெளியே வைக்கிற அந்த ஒன்று அதுவானால் பைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பாகம் பாகமாகப் பிரித்து எடுத்துப்போகலாம். வாரப் பத்திரிகையில் தொடராக வந்த கதைகள் அத்தியாயக் கடைசியில் உங்களை இழுத்துக் கொக்கியில் மாட்டுவதற்காகவே கட்டப்பட்டவை, நாலு நாள் விட்டாலும் அந்தக் கொக்கி பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்னும் காசு போட்டு வாங்காதீர்கள், குறைந்தது முதல் மூன்று புத்தகம் முடிகிறவரை. நம் மாநிலத்தில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது, உள்ளாட்சிக்குக் கட்டுகிற சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாகவும் போகிறது. உங்கள் தெருவுக்குப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது. சின்னக் காப்புத்தொகையும் வருஷச் சந்தாவும் கட்டினால் உறுப்பினர். நூலகப் புத்தகத்தில் இன்னொரு நன்மை, திருப்பித் தரவேண்டிய தேதி இருக்கிறது, அந்த முத்திரை பலரைப் படிக்க வைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சொந்தப் புத்தகத்தை எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதாலேயே படிக்காமல் போகிறோம். என் சரித்திரத்துக்கு அதுகூட வேண்டாம். ஆசிரியர் மறைந்து 60 வருஷம் ஆனால் நூல் பொதுவுடைமை, உ.வே.சா. மறைந்தது 1942 என்பதால் எப்போதோ ஆகிவிட்டது, இணையத்தில் முழுதாகவே கிடைக்கிறது. 1998 பொங்கலுக்குத் தொடங்கிய மதுரைத் திட்டமும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகமும் இப்படிப் பழைய நூல்கள் ஏராளமாக வைத்திருக்கின்றன. கைபேசியில் ஓர் அத்தியாயம் பாருங்கள், பிடித்தால் தாளில் தேடுங்கள்.

நூலகத்துக்குப் போனால் அடுக்குப் பக்கம் போகும் முன் இரவல் மேசை ஓரத்தைப் பாருங்கள். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம், இதைக் கொண்டுவந்து கொடுத்தவர் முகம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். முதல் தடவை விழிப்பார், ரெண்டாம் தடவை சொல்வார். வெளியே வைத்த அந்த ஒரு புத்தகம் எது, எந்தப் பக்கத்தில் விட்டீர்கள் என்று இங்கேயே கீழே எழுதுங்கள், நானும் ஒரு பிரதி எடுத்து அந்தப் பக்கம் வரை படித்துவிட்டு வருகிறேன்.